வெள்ளாற்றுத் தாசில்தாரும் என் மச்சானும்

ஆலங்கரைப்பட்டியில் அன்றைக்கு என் மச்சான் ஆத்மநாதனின் தூண்டிலில் மீன் கடித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள யாரும் ஆற்றுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு வாசலில் இருக்கும் குழாயைத் திருகினால் போதும். ஆறரை மணிக்குத் தண்ணீர் வந்துவிட்டால் மீன் கடிக்கவில்லை. ஏழரை ஆகியும் குழாய் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்தால் ஆற்றில் தக்கை ஆடியிருக்கிறது, ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியின் ஆப்பரேட்டரான மச்சான் மோட்டாரை மறந்துவிட்டார் என்று பொருள். பெண்கள் காலிக் குடத்தோடு தெருவில் நின்று அவருடைய வம்சத்தையே விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.

இதில் அவர் குற்றம் பாதிதான். மீதிக் குற்றம் மோட்டார் ரூமை வெள்ளாற்றங்கரையில், அதுவும் அணைக்கட்டு மடுவுக்குப் பத்தடி தள்ளிக் கட்டியவர்களுடையது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டுப் பூனையை மட்டும் திட்டினால் எப்படி?

நான் வெற்றிசெல்வன். அன்னவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைவிட சித்தன்னவாசலுக்கு வழி கேட்டு வருகிறவர்கள் அதிகம். என் அக்கா செல்வராணியைத்தான் ஆத்மநாதன் கட்டியிருக்கிறார். அக்கா புருஷனைக் கேலி செய்வது எங்கள் பக்கம் முறை; செய்யாதவனைத்தான் முறை தெரியாதவன் என்பார்கள். அந்த விஷயத்தில் என்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கு ஒரு மீன்கூடக் கிடைக்காது என்று மச்சான் சத்தியமாக நம்புகிறார். அக்கா இருபத்துநாலு வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நான் கேட்காமல் விட்டதில்லை. அவர் செருப்பை மாட்டி, தூண்டில் கழியைத் தோளில் சாய்த்து, படி இறங்குகிற நேரம் பார்த்து, "எங்க கெளம்பிட்டீங்க மச்சான்?" என்பேன். முறைத்துவிட்டுத் திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கிளம்புவார். ஒரே காலையில் அவரை மூன்று முறை தண்ணீர் குடிக்க வைத்தது என் சாதனை.

இந்தத் தூண்டில் பைத்தியத்துக்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரர்கள். எங்கள் ஊரில் பாறை இருக்கிறது, பாறைக்குப் பக்கத்தில் இன்னொரு பாறை இருக்கிறது. மீன் என்றால் டிவிஎஸ் பிப்டியில் கூவிக்கொண்டு வருகிற மத்தி. கல்யாணமான மூன்றாம் நாள் மச்சான் அக்காவை ஆற்றுக்குக் கூட்டிப்போய் மடுவைக் காட்டியிருக்கிறார். அணைக்கட்டு நிறைந்து, கோரைப்புல் ஓரமாகத் தண்ணீர் பச்சையாக நின்றதாம். "இதுல வெரால் கெடக்கு. என் தூண்டில்ல புடிச்சு ஒனக்குக் கொழம்புக்குத் தாரேன்" என்றாராம். புதுமாப்பிள்ளை பேச்சு. வேறு யாராவது என்றால் அதை அக்காவும் மறந்திருப்பாள், அவரும் மறந்திருப்பார்.

அதற்குப் பிறகு அவர் தூண்டிலில் ஜிலேபிக் கெண்டை வந்தது, கெளுத்தி வந்தது, விராலுக்குச் சின்னப் பங்காளியான குரவை வந்தது. ஒருமுறை தண்ணீர்ப்பாம்பு வந்தது. இன்னொரு முறை அக்கா துவைக்கப் போனபோது தவறவிட்ட பிளாஸ்டிக் கப்பு வந்தது. விரால் மட்டும் வரவில்லை. வெட்கம் தாங்காமல் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டை மார்க்கெட்டில் ஒரு விராலை வாங்கி, ஆற்றுத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கா செவுளைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கரையாத ஐஸ் துண்டு இருந்தது.

"ஆத்துல ஐஸு கட்டிருச்சாங்க?" என்று மட்டும் கேட்டாளாம்.

அந்த மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். இனி விரால் தின்றால் உங்கள் தூண்டிலில் வந்த விராலைத்தான் தின்பேன் என்று. வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் எங்கள் அக்கா வேடிக்கையாகச் சொன்னதையும் காப்பாற்றுகிறவள். அதன்பிறகு எந்த விருந்திலும் அவள் இலையில் விரால் விழுந்து நான் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் தாசில்தார் வந்து சேர்ந்தார். மடுவில் கிடந்த ஒரு பெரிய விராலுக்கு மச்சான் வைத்த பெயர் அது. நாம் போகிற நேரம் இருக்கமாட்டார், திரும்பி வந்த பிறகு இப்போதுதான் வந்துவிட்டுப் போனார் என்பார்கள், அதனால் அந்தப் பெயர். விரால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டுப் போகும். அந்தச் சத்தத்தை வைத்தே எடை சொல்வார் மச்சான். முதல் வருஷம் இரண்டு கிலோ என்றார். அடுத்த வருஷம் மூன்று. போன வருஷம் தன் முழங்கையைத் தாண்டித் தோள் வரை தொட்டுக் காட்டினார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மச்சான் புளுகு மூன்று வருஷம் ஓடுகிறதே என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தாசில்தாரை அவரைத் தவிர யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்படி ஒரு மீனே கிடையாது என்பது என் தீர்மானம்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த மாசியில் சிங்கப்பூரிலிருந்து டிக்கெட் வந்தது.

அவர்கள் மகள் சிவரஞ்சனிக்கு அங்கே சித்திரையில் பிரசவம். மூன்று மாதத்துக்கு அக்கா போய் உடன் இருக்க வேண்டும். பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருச்சியில் விமானம். பாஸ்போர்ட்டை என் கடையில் ஜெராக்ஸ் எடுத்தபோது இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவரை விட்டு நான்கு நாளுக்கு மேல் பிரிந்ததில்லை. அந்த நான்கு நாளில் மோருக்குப் பதில் அரிசி களைந்த தண்ணீரைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டவர் அவர். அதைச் சொல்லி நான் சிரித்தேன், அக்காவும் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக, "இவரு தூண்டில் வெராலத் தின்னுட்டுத்தான் போகணும்னா, நான் பிளைட்டு ஏறுனாப்புலதான்" என்றாள்.

மச்சான் சிரிக்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க அக்கா முன்னால் நடந்ததும் என்னைக் கடைக்குள் இழுத்தார்.

"மாப்ளே, சிங்கப்பூருல எல்லா மீனும் கெடைக்குமாம். அங்கிட்டுப் போயி எவனோ வளத்த வெரால இவ தின்னுட்டா?"

நான் அதற்கும் சிரித்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மச்சானுக்குப் பயம். மனைவி இல்லாத வீட்டைப் பற்றிப் பயம், அவள் அங்கேயே பேரப்பிள்ளையோடு ஒட்டிக்கொண்டுவிடுவாளோ என்று பயம். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷர், ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். அவள் கிளம்புவதற்குள் தாசில்தாரைப் பிடித்து அவள் கையில் கொடுத்தாக வேண்டும். இருபத்துநாலு வருஷத்துப் பேச்சு.

பங்குனி பிறந்ததிலிருந்து ஆலங்கரைப்பட்டிக்கு ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை. விடிவதற்கு முன்பே மடுவில் போய் உட்கார்ந்தார். இரைக்குத் தவளைக்குஞ்சு பிடித்துத் தூக்குவாளியில் வைத்திருந்தார்; அது மூடி திறந்து அடுப்படியில் குதித்தது. மருமகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய சுருள் வைத்த தூண்டிலை எடுத்து முதல் வீச்சு வீசினார். முள் போய் அவருடைய வேட்டியிலேயே மாட்டியது. அதைச் சுருட்டி வைத்துவிட்டுப் பழைய மூங்கில் கழிக்கே திரும்பினார். முள்ளை நைலான் நரம்பில் கட்டி, முடிச்சு நழுவாமல் இருக்க அக்காவின் தையல் டப்பாவிலிருந்து ரோஸ் நூல் எடுத்துச் சுற்றுவது அவர் பழக்கம். அந்த மாதம் அக்கா தன் ரோஸ் ஜாக்கெட்டைத் தைக்க நூல் தேடியபோது கண்டில் ஒரு முழம்கூட மிச்சமில்லை.

அந்த ஊரில் மீன்பிடி என்று ஒரு நாள் உண்டு. பொங்கலுக்குப் பிறகு மடுவில் யாரும் வலை போடக் கூடாது. தூண்டில் மட்டும் போடலாம். தூண்டில்காரனால் மடு காலியாகாது என்பது ஊரின் நம்பிக்கை. மச்சான் அந்த நம்பிக்கையை இதுவரை காப்பாற்றி வந்திருக்கிறார். பங்குனிக் கடைசியில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் ஒரு நாள் குறித்து, சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவார்கள். அன்று கரையில் இருக்கும் அய்யனாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஊர்ப் பெரியவர் பிச்சைமுத்து அம்பலம் அணைக்கட்டின் மேல் ஏறி நின்று தன் வெள்ளைத் துண்டை வீசுவார். வெள்ளை வீசினால் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். அதற்கு முன் ஒரு கால்விரல்கூடத் தண்ணீரில் படக் கூடாது. பிடித்ததை விற்கக் கூடாது. குழம்பு வைத்து உறவுக்காரர்களுக்கும் கொடுத்துச் சாப்பிட வேண்டும். சண்டையில்லாமல் நடந்தால் அந்த வருஷம் மழை உண்டு. அன்றைக்குப் பிறகு மடுவில் மீன் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

இந்த வருஷம் மீன்பிடிக்குக் குறித்த நாளும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

மச்சான் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அம்பலத்தின் வீட்டுக்குப் போனார். ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டார். அம்பலம் எழுபது வயதுக்காரர், வெற்றிலையை மென்று முடிக்காமல் பதில் சொல்லமாட்டார்.

"ஏப்பா ஆத்மநாதா, ஒம் பொண்டாட்டி பிளைட்டுக்காக ஆத்துத் தண்ணி வத்தாம நிக்குமா?" என்றார்.

திரும்பி வரும் வழியில் மச்சான், இனி அந்த ஆறே வேண்டாம், தொட்டுக்கூடப் பார்க்கமாட்டேன் என்றார். குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போன கதைதான். மறுநாள் விடியும் முன் கோரைப்புல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தக்கை ஆடவே இல்லை. ஊருக்கு மட்டும் அந்த வாரம் நேரத்துக்குத் தண்ணீர் வந்தது.

சனிக்கிழமையே நான் போய்விட்டேன். அக்காவை வழியனுப்ப என்று சொல்லிக்கொண்டாலும், கையில் ஊத்தாவும் கொண்டுபோயிருந்தேன். ஊத்தா என்பது இரண்டு பக்கமும் திறந்த மூங்கில் கூடை. கலங்கிய தண்ணீரில் அதைப் பொத்தென்று அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால் உள்ளே மாட்டிய மீன் தட்டுப்படும். மீன்பிடி நாளில் அது இல்லாமல் வந்தால் மரியாதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது இரண்டு கரையிலும் டாட்டா ஏஸும் பைக்குமாக ஊர் கொள்ளாத கூட்டம். குடுமியான்மலையிலிருந்து வந்தவர்கள் முதல் பஸ்ஸிலேயே வந்து இடம் பிடித்திருந்தார்கள். அத்தனை பேரும் ஊத்தாவையும் கச்சாவலையையும் பிடித்துக்கொண்டு, கால்விரல் தண்ணீரில் படாமல், வெள்ளை எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சான் மட்டும் மோட்டார் ரூம் ஓரத்தில் தூண்டிலோடு இருந்தார். வெள்ளை வீசும் வரை தூண்டிலுக்கு உரிமை உண்டு. பார்க்கிறவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

ஏழே முக்கால் இருக்கும். அம்பலம் அய்யனாருக்கு முன்னால் தேங்காயைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா பயணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு, அய்யனாருக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டு வரலாம் என்று எதிர்க்கரையில் வந்துகொண்டிருந்தாள். அப்போது மச்சானுடைய கழி வளைந்தது. கழியின் நுனி தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வளைந்தது. அவர் எழுந்து நின்றார். தாசில்தார் ஆபீசுக்கு வந்துவிட்டார்.

அப்போது அவர் மனதில் ஓடியதை அவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கத்திக் கூப்பிட்டால் அந்த இரைச்சலில் அக்காவுக்குக் கேட்காது. கழியை விட்டுப் போகவும் முடியாது. இருபத்துநாலு வருஷமாகக் காட்டுகிறேன் காட்டுகிறேன் என்று சொன்னது நரம்பின் அந்தப் பக்கம் இழுக்கிறது, பார்க்க வேண்டியவள் எதிர்க்கரையில் நிற்கிறாள். இடது கையால் கழியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தோளில் கிடந்த துண்டை உருவி, தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி வீசினார். வா, வந்து பார் என்று.

துண்டு வெள்ளைத் துண்டு.

"வெள்ளை விழுந்துருச்சு" என்று யாரோ சொன்னது மட்டும் கேட்டது. யார் கையில் விழுந்தது என்று பார்க்க அங்கே யாருக்கு நேரம்? இரண்டு கரையும் சரிந்து மடுவுக்குள் விழுந்ததுபோல அத்தனை பேரும் இறங்கினோம். நானும்தான். அம்பலம் கையில் தேங்காய் உடையாமல் அப்படியே நின்றது. மச்சானுடைய நரம்பின் மேல் பத்துப் பேர் ஓடினார்கள். பதினோராவது ஆள் ஓடியபோது நரம்பு அறுந்தது. கழி நிமிர்ந்துகொண்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வோமே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஆனாலும் நான் நிற்கவில்லை. மீன்பிடியில் துக்கம் விசாரிக்கிற வழக்கம் கிடையாது. ஊத்தாவை அழுத்தி அழுத்திப் போனேன். இரண்டு ஜிலேபி கிடைத்தது. கோரைப்புல் ஓரத்தில் அடுத்ததாக அழுத்தியபோது கூடை என் கையைவிட்டுத் துள்ளியது. முழு எடையையும் போட்டு அமுக்கிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். வழவழவென்று என்னவோ ஒன்று விரலை இடித்துக்கொண்டு திரும்பியது. செவுளைத் தேடிப் பிடித்து இழுக்கும்போது நடுவிரலில் சுருக்கென்று ஏறியது. தூக்கிப் பார்த்தால் விரால். தோள் வரை இல்லை, ஆனால் முழங்கை தாண்டியது உண்மை. அதன் உதட்டில் ஒரு முள். முள்ளின் நுனி என் விரலில். முள்ளின் மேல் ரோஸ் நூல் சுற்றியிருந்தது.

மூன்று வருஷமாக நான் இல்லவே இல்லை என்று சொன்ன மீன்.

ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை மறைக்கமாட்டேன். யார் ஊத்தாவில் விழுகிறதோ அவருக்குத்தான் மீன், அதுதான் வழக்கம். முள்ளைப் பிடுங்கிச் சேற்றில் போட்டால் யாருக்கும் தெரியாது. ஊரெல்லாம் நான் அடித்த கேலியும் பிழைக்கும். நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் முழங்கால் தண்ணீரில் நின்றார். அவர் மடுவைப் பார்க்கவில்லை. எதிர்க்கரையில் சூடத் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார், திருடிவிட்டுப் பிடிபட்டவர் மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷரை எதற்காக இப்படி வாட்டினேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

மீனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினேன்.

"எல்லாரும் பாத்துக்கங்க" என்றேன். "இது எங்க மச்சான் தூண்டில்ல புடிச்ச வெரால். முள்ளு வாயிலேயே இருக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் முள்ளைப் பார்த்தார்கள். அக்காவும் கரையை விட்டு இறங்கி, பட்டுச்சேலையோடு சேற்றில் நடந்து வந்து பார்த்தாள். ரோஸ் நூலைத் தொட்டாள்.

அதற்குள் அம்பலம் தேங்காயோடு வந்துவிட்டார். சாமிக்கு உடைப்பதற்கு முன்னால் வெள்ளை வீசியது யார், ஊர் வழக்கத்தைக் கெடுத்தது யார் என்று கேட்டு அவருக்கு மூச்சு வாங்கியது. எல்லா விரலும் மச்சானை நோக்கித் திரும்பின. பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் ஏற்கனவே முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். சண்டை வந்தால் மழை போய்விடும்.

"எதுக்குய்யா வீசுன?" என்றார் அம்பலம்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "எஞ் சம்சாரத்தக் கூப்புட்டேங்க. மீனப் பாக்கச் சொல்லி."

முதலில் குடுமியான்மலைக்காரர் ஒருவர் சிரித்தார். அது அப்படியே கரையேறிப் போயிற்று. அம்பலமும் சிரிப்பை வெற்றிலையோடு அடக்கப் பார்த்து முடியாமல், தேங்காயை அணைக்கட்டுக் கல்லிலேயே உடைத்தார். தீர்ப்பும் அங்கேயே சொன்னார். இனி ஆற்றுப் பக்கம் ஆத்மநாதன் வெள்ளைத் துண்டோடு வரக் கூடாது, கலர்த் துண்டுதான் போட வேண்டும், உயிருள்ளவரை.

எல்லாம் முடிந்து ஊரே தலையிலிருந்து கால் வரை சேறோடு வீட்டுக்குப் போய்க் குழாயைத் திருகியது. காற்று வந்தது. அன்றைக்குக் காலையில் மோட்டார் போட வேண்டிய ஆள் எங்கே இருந்தார் என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே. மறுபடி ஒரு பஞ்சாயத்து கூடும் என்று நான் நினைத்தேன். ஆனால் அக்கா நேராக மோட்டார் ரூமுக்குப் போனாள். நிலைக்கு மேலே கையை விட்டுச் சாவியை எடுத்தாள், உள்ளே போனாள், மோட்டார் ஓடியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"என்னடா பாக்குற? பாதி நாளு நாந்தான் போடுறேன்" என்றாள். "இல்லைன்னா இந்த ஆள இத்தன வருசம் வேலையில வச்சிருப்பாகளா?"

குழம்பை அவளே வைத்தாள். விராலைச் சாம்பல் போட்டுப் பிடித்துக் கல்லில் உரசி, துண்டு போட்டு, புளி கரைத்து, எல்லாம் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே செய்தாள். பதினொன்றரைக்கு இலை போட்டாயிற்று. மச்சான் தன் இலையைத் தொடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு துண்டு எடுத்து, முள் பார்த்து, சாப்பிட்டாள்.

"நல்லாருக்கா?" என்றார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள், உப்புப் போட்டது அவளே என்றாலும். பிறகு இன்னொரு துண்டு எடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். காரம் என்றோ புகை என்றோ சாக்குச் சொல்லவில்லை, எங்கள் எல்லோருக்கும் முன்னால் நேராகவே அழுதாள். ஒருமுறை தூண்டில் கழியை ஒடித்து வெந்நீர் அடுப்பில் வைத்தவள் அவள். அந்த ஆற்றைத் திட்டாமல் அவள் பொழுது போனதில்லை.

"நான் வர்ற வரைக்கும் டெய்லி ஆத்துக்குப் போயிட்டு வாங்க" என்றாள். "வீட்டுல ஒத்தையா ஒக்காந்துக்கிட்டு இருக்காதீங்க."

அவர் தலையாட்டினார். பன்னிரண்டரைக்குக் கார் கிளம்பியது.

அடுத்த வியாழக்கிழமை நான் ஆலங்கரைப்பட்டிக்குப் போனேன். வீட்டில் பூட்டு. குழாயில் ஆறரைக்கே தண்ணீர் வந்துவிட்டது, இந்த வாரம் முழுக்க அப்படித்தான் என்றார்கள். ஆற்றுக்குப் போனேன். மடுவில் முழங்காலுக்கும் கீழே கலங்கல் தண்ணீர். மீன்பிடி முடிந்த மடுவில் ஒரு கெண்டைக்குஞ்சுகூட இருக்காது. கொக்குகள்கூட வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. அதில் தக்கையைப் போட்டுவிட்டு, தோளில் பச்சைத் துண்டோடு மச்சான் உட்கார்ந்திருந்தார்.

கேலி நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து அக்கா, வீடியோவில்.

"எங்க இருக்கீங்க?" என்றாள், எடுத்த எடுப்பில்.

தூண்டிலோடு இருக்கிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி. அவர் முறைக்கவில்லை, எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கவும் இல்லை. போனைத் திருப்பி மடுவைக் காட்டினார், தக்கையைக் காட்டினார், பச்சைத் துண்டைக் காட்டினார். அக்கா அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது. புது தாசில்தார் வந்துவிட்டாரா என்று கேட்டாள்.

"இன்னும் போஸ்டிங் போடல, ராணி" என்றார் மச்சான். "நீ வந்து எறங்குனாத்தான் டூட்டியில சேருவாராம்."

மச்சான் போனை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பச்சைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் அக்காவிடம் ஏதோ பேசிக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.